நடிக்காத கால்கள்

ஜூன் 18

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தொலைபேசி கூடத்தில் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் தூங்கியபிறகு எழுதுகிறேன். பதிலைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா விலாசத்துக்கு அனுப்புங்கள். "அத்தைக்கு எழுதறதுக்கா இவ்வளவு திருட்டுத்தனம்? உன் வயசுல வேற யாருக்காவது எழுதுவாங்கடி" என்று அக்கா சிரித்தார். ஆனாலும் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். என்னைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இந்த வருடம் எங்கள் வகுப்புக்கும் அப்பாதான் விளையாட்டு ஆசிரியர். பள்ளியில் அவருக்கு 'விசில் சார்' என்று பெயர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார். நான் ஒரு திருப்பத்தைக்கூடத் தாண்டுவதில்லை. தொடை கல்லாகிவிடுகிறது. வலிக்கிறது என்பது சரியான வார்த்தை இல்லை, அத்தை. உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல இருக்கிறது. நேற்று அப்படியே நின்றுவிட்டேன். எல்லார் முன்னாலும் அப்பா கத்தினார்: "ஏன் நிக்கற? தரையோட சேத்து ஆணி அடிச்சிருக்கா? நாலு எட்டு வெக்கறதுக்குள்ள மகாராணிக்கு ஓய்வு வேணுமோ?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்படியே அத்தையை உரிச்சு வெச்சிருக்கு. உக்காந்த இடத்துலயே ஊரை ஆளும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் எங்களோடு இருந்தபோது பள்ளியிலிருந்து என்னைக் கூட்டி வருவீர்கள். மூன்றாவது மாடி வரை ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு கதை சொல்வீர்கள். சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒரு ராட்சசனின் காது என்பீர்கள். இறங்கும்போது மட்டும் கதையே கிடையாது. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன். உங்களுக்கும் இப்படி இருந்ததா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வாண்டு

ஜூலை 5

என் செல்ல வாண்டுக்கு,

நான் சுகம். நீ கேட்ட சத்தியம் செய்துவிட்டேன், உன் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன். உன் எழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! 'ழ'வுக்கு மட்டும் இன்னும் வால் நீளம். அம்மாவின் இடுப்பு வலி தேவலையா? அப்பா இன்னும் காபியை ஆற வைத்துத்தான் குடிக்கிறாரா?

ரயில் நிலையத்தில் என் டிக்கெட் கவுன்டர் ஜன்னலில் எப்போதும்போலக் கூட்டம்தான். நேற்று ஒரு பெரியவர் வந்து, "பொண்டாட்டி இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட் குடும்மா" என்றார். "போக மட்டுமா, திரும்பி வரவும் சேத்தா?" என்றேன். "சேத்தே குடு, ராத்திரி சாப்பாட்டுக்கு வரணும்ல" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது.

உன் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓட்டம் என்றால் உயிர். நாங்கள் குடியிருந்த தெருவின் பின்பக்கம் ஒரு ரொட்டித் தொழிற்சாலை. விடியும்முன் அந்தச் சுவரோரம் ஓடுவான். ரொட்டி வாசனை தெருவையே நிறைத்திருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால், அண்ணன் முன்னால் ஓடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஓடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்து பார். வலி வந்தால் இன்னும் மெதுவாக நட. உட்கார்ந்துவிடாதே. வலி தானாக விலகும்வரை நடந்துகொண்டே இரு. கிளம்பும்முன் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடி. வலியோடு மட்டும் ஓடாதே. பயப்பட ஒன்றுமில்லை.

அம்மாவை எதிர்த்துப் பேசாதே. நன்றாகப் படி.

அன்புடன்,
அத்தை

ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். அப்பா இப்போது காபி குடிப்பதில்லை, டீ. அதையும் ஆற வைத்துத்தான்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். முதலில் வலித்தது. நடந்தேன். கூடப் படிக்கும் பெண்கள் "கல்யாண ஊர்வலமாடி?" என்று கேலி செய்தார்கள். விடாமல் நடந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னவோ ஆயிற்று, அத்தை! யாரோ என் கால்களைக் கழற்றிவிட்டு வேறு கால்களை மாட்டியதுபோல இருந்தது. வலி போய்விட்டது. மெதுவாக ஓட ஆரம்பித்தேன். நிற்கவே இல்லை. காற்று காதில் மோதியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டம் என்றால் என்னவென்று தெரிந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. அப்பா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "பாத்தியா! முடியுது! இவ்வளவு நாளா என்னை ஏமாத்தியிருக்க. முதல்ல வலிக்குமாம், அப்பறம் வலிக்காதாம். எந்த ஊர்ல இருக்கு இப்படி ஒரு நோய்?" என்றார். இப்போது நடக்கவே விடுவதில்லை. விசில் ஊதியதும் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். நின்றால் "நடிக்காத" என்கிறார்.

அதோடு, பள்ளிகளுக்கிடையே நடக்கும் தொடர் ஓட்டத்தில் நான்காவதாக ஓடவிருந்த பெண் காலை முறித்துக்கொண்டாள். "என் பொண்ணே ஓடலைன்னா மத்த புள்ளைங்களை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஓடச் சொல்வேன்?" என்று அவள் இடத்தில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். அக்டோபர் கடைசியில் போட்டி.

நீங்கள் பெரியவரைப் பற்றி எழுதினீர்கள், ரொட்டியைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நடந்தால் வலி விலகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

வாண்டு

ஆகஸ்ட் 27

என் செல்ல வாண்டுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கவுன்டரில் ஆள் குறைவு. எனக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது பரவாயில்லை. எல்லாரும் சௌக்கியமா?

உன் அப்பாமேல் வருத்தப்படாதே. அவன் கெட்டவன் இல்லை. எங்கள் வீடும் மாடிதான். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டால், என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவான். ஏறும்போது ரேடியோவில் பேசுவதுபோல மூக்கால் பேசுவான்: "இதோ, நமது வீரர் முதல் திருப்பத்தை நெருங்குகிறார்! முதுகில் அரிசி மூட்டை! மூட்டை சிரிக்கிறது! நேயர்களே, மூட்டை கடிக்கிறது!" நான் நிஜமாகவே கடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து திட்டுவார்கள். அந்தச் சிரிப்பைப்போல ஒன்று அதற்குப்பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் நானும் அவனோடு ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. விடியற்காலையில் எழுப்புவான். "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்பான்.

இது போதும். இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

நீ அப்பாவிடம் பொறுமையாகச் சொல். திடீரென்று வேகமெடுத்தால் முடியவில்லை என்று சொல். போட்டியிலிருந்து பெயரை எடுக்கச் சொல். சொல்வாயா?

அன்புடன்,
அத்தை

செப்டம்பர் 9

அத்தை,

யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பாவிடம் நிச்சயமாகச் சொல்லாதீர்கள்.

இன்று மாலை வேக ஓட்டம் பழக்கினார். மூன்றாவது முறை ஓடும்போது கால் மடங்கி விழுந்தேன். எழுந்து மறுபடி ஓடச் சொன்னார். ஓடினேன். வீட்டுக்கு வந்தபோது படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஏறினேன். ராத்திரி சிறுநீர் கழித்தபோது பழுப்பும் சிவப்புமாகப் போயிற்று, கறுப்புச் சோடா மாதிரி. அது மாதவிடாய் இல்லை. அது எனக்குத் தெரியும்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அம்மா வெளியிலிருந்து, "உள்ள என்ன, குளமா வெட்டற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

தொடை இன்னும் பலகைபோல இருக்கிறது. நான் செத்துப்போய்விடுவேனா? அப்படியென்றால் அதை முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் இந்த வீட்டில் இருந்திருக்கலாம்.

வாண்டு

செப்டம்பர் 13

வாண்டு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ சாகமாட்டாய். ஆனால் நான் சொல்வதை அப்படியே செய். இதைப் படித்த கையோடு அம்மாவிடம் போய்ச் சொல். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓடியபின் சிறுநீர் கறுத்தது என்று டாக்டரிடம் நீயே சொல். தசை சிதைந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கச் சொல். சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல். ஓட்டம் என்று ஓர் அடிகூட வைக்காதே. யார் விசில் ஊதினாலும் சரி.

வெட்கப்படாதே. மறைக்காதே. உடனே பதில் போடு.

அத்தை

செப்டம்பர் 24

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? உங்கள் கடிதத்தைத் தையல்கார அக்கா என் சீருடைப் பாவாடையின் மடிப்பில் வைத்துக் கொடுத்தார். "விரைவுத் தபால்ல வர்ற அளவுக்கு அப்படி என்ன பாப்பா ரகசியம்? முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு" என்றார்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. திட்டாதீர்கள். கடிதம் வருவதற்குள் நிறம் சரியாகிவிட்டது. வலியும் போய்விட்டது. அந்த வாரம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

சொல்லத்தான் நினைத்தேன். கூடத்துக்குப் போனேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்காக வாங்கிய புது ஓட்டக் காலணி. அதன் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா, போட்டுப் பாரு. விரல் இடிக்குதா?" என்று என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "காய்ச்சல் போயிடுச்சா? அன்னிக்கு விழுந்தும் எழுந்து ஓடின பாரு, அப்பதான் நீ என் பொண்ணுன்னு தெரிஞ்சது" என்றார். அப்பா என்னிடம் அப்படிப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? சொல்ல வந்ததைச் சொல்லாமல் காலணியைப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது மறுபடி பயிற்சி தொடங்கிவிட்டது. முடிந்தவரை மெதுவாக ஓடுகிறேன். போட்டியில் ஒரே ஒரு முறைதானே ஓட வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம்கூட இருக்கிறது. தசை, சிறுநீரகம் என்றெல்லாம் டாக்டர்போல எழுதுகிறீர்கள். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லமாட்டீர்கள். நீங்கள் உண்மையைச் சொல்லாதவரை நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

வாண்டு

அக்டோபர் 20

என் செல்ல வாண்டுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன். நடுவில் சில நாட்கள் மருத்துவமனையில் இருந்தேன். பயப்படாதே, எனக்கு அது பழகிய இடம். என் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதியை மாத்திரைகள் கெஞ்சிக் கூத்தாடி வாங்குகின்றன.

ஆமாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருக்கிறது.

சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை நம் தசை தனக்குள்ளே சேமித்து வைக்கும். திடீரென்று ஓடும்போது அதை எடுத்துச் செலவழிக்கும். எனக்குச் சேமிப்பு உண்டு, எடுக்கத்தான் வழியில்லை. கிடங்கு நிறைய சரக்கு இருக்கிறது, கிடங்கைத் திறக்கும் சாவி பிறவியிலேயே இல்லை. மெதுவாக நடந்துகொண்டிருந்தால் இரத்தம் வேறு இடத்திலிருந்து சரக்கு கொண்டுவந்து கொடுக்கும். அதனால்தான் முதலில் வலித்து, பிறகு விலகுகிறது. அதற்குள் வேகமெடுத்தால் தசை தன்னையே உடைத்துக்கொள்கிறது. உடைந்தது சிறுநீரில் இறங்கும்போதுதான் அந்த நிறம். நீ நடிக்கவில்லை. நானும் நடிக்கவில்லை. உனக்கும் இதேதானா என்று பரிசோதனைதான் சொல்லும். ஆனால் உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது பரம்பரையாக வருவது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மறைந்திருந்து இரண்டும் சேர்ந்தால்தான் வருமாம். உன் அம்மாவிடம் சொல், 'அத்தையை உரிச்சு வெச்சதில்' அவளுக்கும் பங்கு உண்டென்று.

ரொட்டித் தொழிற்சாலைச் சுவரோரம் நானும் ஓடினேன். கொஞ்சம் நடந்தால் எனக்கும் உன்னைப்போல வேறு கால் மாட்டியதுபோல ஆகிவிடும். அண்ணனும், "பாத்தியா, முடியுதே!" என்பான். அவனுக்குப் பதினாறு வயது. என்னைப் பெரிய ஓட்டக்காரி ஆக்கிவிட வேண்டும் என்று ஆசை. ஒருநாள் நடக்கவே விடாமல் ஓட வைத்தான். நான் விழுந்தேன். வீடுவரை அவன்தான் தூக்கி வந்தான். அன்றைக்கு ரேடியோக் குரல் இல்லை. அவன் இருதயம் என் காதில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் விஷக்காய்ச்சல் என்றார்கள். நான் வீடு திரும்பும்வரை வராந்தா பெஞ்சில்தான் படுத்திருந்தான். "காய்ச்சலோடயா ஓடின? சொல்லக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான்.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில வருடம் கழித்து ஒரு டாக்டர் என்னிடம், "சின்ன வயசுல மாடி ஏறும்போது நடுவுல நிப்பீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் அழுத அழுகையில் அவர் வெளியே போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். நோய்க்குப் பெயர் தெரிந்தது. சிறுநீரகம் எப்போது கெட்டது என்றும் தெரிந்தது. ஊருக்குத் தொலைபேசினேன். அண்ணன்தான் எடுத்தான். "உடம்பு எப்படி இருக்கு?" என்றான். "ஜம்முன்னு இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். காய்ச்சல் என்று நம்பி நிம்மதியாக இருப்பவனிடம், காய்ச்சல் இல்லை, நீதான் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு இருந்தது அந்த ஓர் அண்ணன்தான்.

அவனுக்கு நேற்றே தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். என் கதையை மட்டும் எழுதியிருக்கிறேன். உன் பெயர் அதில் இல்லை. உனக்குச் செய்த சத்தியத்தை மீறவில்லை. உன் கதையை நீதான் சொல்ல வேண்டும். அவன் கேட்பான். கேட்காவிட்டால் ரயிலேறி வந்து, மூன்று மாடியும் நின்று நின்று ஏறி, நானே சொல்வேன். டிக்கெட்டுக்கு நான் வரிசையில்கூட நிற்க வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
அத்தை

அக்டோபர் 25

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறீர்களா? இதை இனி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். "ஜம்முன்னு இருக்கேன்" என்று எனக்கு எழுதக் கூடாது.

உங்கள் கடிதம் எனக்கு இன்றுதான் கிடைத்தது. அக்காவின் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன்.  அக்கா மெஷினை நிறுத்திவிட்டார்.

அப்பாவுக்கும் இன்றுதான் வந்திருக்கிறது. நான் மேலே வந்தபோது நாற்காலியில் இருந்தார். கடிதம் மடியில் இருந்தது. அம்மா, "யாரு? என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.  சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. டீ ஆறி, ஏடு படிந்து, அப்படியே இருந்தது. தொலைபேசியை எடுத்தார். உங்கள் எண்ணைச் சுழற்றத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை. முதுகுதான் தெரிந்தது.

நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாளை மறுநாள் போட்டி.

சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன், அத்தை. ஆனால் பயமாக இருக்கிறது. முன்பு எனக்கு இருந்தது திட்டுவாரே என்ற பயம். இப்போது அது இல்லை. கறுப்புச் சோடா நிறத்தை நான் சொன்னால், ஒரே நாளில் அவருக்கு இரண்டாவது அடி. நீங்கள் ஏன் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை என்று இந்த ராத்திரிதான் எனக்குப் புரிகிறது. நான் சொல்லாமல் ஓடிவிட்டால் அவருக்கு ஒரு அடிதான். ஆனால் என் கால் மறுபடி மடங்கினால், வராந்தா பெஞ்சில் அவர் மறுபடியும் படுக்க வேண்டும். இந்தமுறை அது காய்ச்சல் இல்லை என்று தெரிந்தே படுக்க வேண்டும். அதை நான் அவருக்குச் செய்யமாட்டேன். அதனால் காலையில் முதல் வேலையாக...

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா இல்லை. அம்மா தட்டமாட்டார், அப்படியே வந்துவிடுவார்.

அப்பாதான். "முழிச்சிருக்கியா கண்ணு? வெளக்கு தெரியுது. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்." நான் நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டிருக்க வேண்டும். "ஓடி வராத. மெதுவா வா. நான் நிக்கறேன்" என்கிறார்.

அத்தை, நான் இப்போதே சொல்லப் போகிறேன்.